கப்பல் நின்ற நாளில் அப்பாவிடம் விட்டுப்போன ஏழு இசைத்தட்டுகள்: இந்த உப்புக்காற்றில் எப்படிக் காப்பாற்றுவது?

பாம்பன் டீசல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன், முப்பது வருஷத்துக்கு மேலாக. ரெக்கார்டு சேர்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் என் கையில் ஏழு ரெக்கார்டு வந்து சேர்ந்திருக்கிறது. அவை கெட்டுப்போகக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள், அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா ராமேஸ்வரத்தில் ஜெட்டிக்குப் போகிற வழியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாடியில் இரண்டு அறை, வாடகைக்கு. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு தலைமன்னார் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் போய்வந்தது. இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு இலங்கைக்குப் போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்தக் கப்பலுக்காக வந்து காத்துக் கிடப்பார்கள். 1973 ஐப்பசியில் வாடை பலமாக அடித்து, கப்பல் நாலு நாள் கிளம்பவில்லை. அப்போது மாடியில் தங்கியிருந்த ஒரு ஜோடி, ஐந்தாம் நாள் புறப்படும்போது கித்தான் பை ஒன்றை அப்பாவிடம் கொடுத்து, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார்களாம். அவர்கள் திரும்பி வரவேயில்லை.

பையில் இருந்தது ஏழு எல்பி. அப்பா அதை யாருக்கும் கொடுக்கவில்லை. "அடைக்கலமா வச்ச பொருளு, நம்மளுது இல்ல" என்பார். கப்பல் நின்றுபோய், கடையை மூடிவிட்டுப் பாம்பனுக்கு வந்தபோதும் பை கூடவே வந்தது. போன மாசியில் அப்பா காலமானார். இப்போது அது என் பொறுப்பு.

ஏழில் ஒன்றின் உறை மட்டும் பைக்குள் இல்லை. அது எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், ராமநாதசுவாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விசுவரூபப் படம். பல தலை, பல கை, பின்னால் விரிந்த பாம்புப் படம். நடுவில் மட்டும் மூன்று வெளிநாட்டு முகங்கள். அம்மா வருஷக் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம் வைத்திருக்கிறாள். நெற்றி இருக்கும் இடத்தில் பொட்டு அழுந்தி, தாளே கொஞ்சம் குழிந்திருக்கிறது.

1978-ல் எனக்குப் பத்து வயது. பக்கத்தில் திருவிழா. சாமி படம் போட்டது, பக்திப் பாட்டாகத்தான் இருக்கும் என்று அப்பா அந்தத் தட்டை மைக்செட்காரரிடம் கொடுத்தார். முதலில் இரண்டு பேர் பேசினார்கள். அப்புறம் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆடிக் கச்சான் காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்போது ஒரு ஊளை கேட்குமே, அது போல. ஒரு நிமிஷம் இருக்கும். மைக்செட்காரர் முள்ளைத் தூக்கிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தச் சத்தத்தை நான் மறந்த நாளே இல்லை. அது கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்: போல்டு ஆஸ் லவ்' என்று மகள்தான் போனில் தேடிச் சொன்னாள். போனிலும் கேட்டேன். ஆனால் அந்தத் தட்டிலேயே கேட்க வேண்டும் என்று ஆசை.

மற்ற ஆறு: பிங்க் ஃபிலாய்டின் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்', பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்', கிரீம் குழுவின் 'டிஸ்ரேலி கியர்ஸ்', ஜெஃபர்சன் ஏர்பிளேனின் 'சர்ரியலிஸ்டிக் பில்லோ', தி டோர்ஸ் என்று குழுவின் பெயரையே போட்ட ஒன்று, அப்புறம் 'சிம்லா பீட் 70'.

தட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. உறைகளில் பழுப்புப் புள்ளி, ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. எதனால் கழுவுவது? இன்ஜெக்டர் கழுவுவது போல மண்ணெண்ணெய் போடலாமா? பழைய பிளேயர் ஒன்று வாங்கி மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். சுற்று ஒழுங்காக இருக்கிறது, சத்தம்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. இன்னொன்று, வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்து ஏழுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் தருகிறேன் என்றார். பிங்க் ஃபிலாய்டைப் பார்த்த நேரத்தைவிட அந்தச் சிம்லா பீட்டைத்தான் அதிகம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது என்ன தட்டு?

கீழக்கரை சபுராளி:

தம்பி, முதலில் மண்ணெண்ணெய் டின்னைத் தூர வையுங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது. எல்பி என்பது பிவிசி பிளாஸ்டிக். தின்னர் பட்டால் முள் ஓடுகிற காடி (பள்ளம்) கரைந்துவிடும், அப்புறம் அல்லாஹ் நினைத்தாலன்றி அந்தப் பாட்டு திரும்பி வராது.

நான் சிங்கப்பூரில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். மலாய் 'பாப் யே யே' சிறு தட்டுகளில் தொடங்கி, மயக்கக் கனவு போல ஒலிக்கும் இந்த 60-களின் சைகடெலிக் ராக் தட்டுகளில் வந்து நின்றேன். ஊருக்குக் கொண்டுவந்த முதல் மழைக்காலத்திலேயே பதினொரு தட்டைப் பூசணத்துக்குக் கொடுத்தேன். அதனால் நம் கரையில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத் தண்ணீரில் இருக்கும் உப்பு, காய்ந்ததும் காடிக்குள்ளேயே படிந்துவிடும். உங்கள் தொழிலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இருக்குமே, அதுதான் சரக்கு. நாலு பங்கு அந்தத் தண்ணீர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். காயத்துக்குப் போடும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் வேறு எண்ணெய்கள் கலந்திருக்கும். 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டு எதுவும் கிடைத்தால் அதில் ஆல்கஹாலே படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். மென்மையான துணியால் காடி ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. பழைய பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றை அதன் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

முதல் முறை கழுவி முடித்ததும் நம்பிக்கை போய்விடும், பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். மறுபடி கழுவுங்கள். நாம் கீறல் என்று நினைக்கிற படபட சத்தத்தில் பெரும்பகுதி அழுக்குதான்.

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறைக்குள் போடவே கூடாது, பூசண வித்து அதில்தான் இருக்கிறது. புது உள்ளுறை வாங்கி, தட்டைத் தனியாக வெள்ளை அட்டையில் வையுங்கள். பழைய உறையைத் துடைத்துக் காயவைத்து வேறாக வையுங்கள். எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. கடலைப் பார்த்த சுவரிலிருந்து தள்ளி, இரும்பு பீரோவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீடுகளுக்குள் அது சர்வ சாதாரணம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று உள்ளே போட்டுவையுங்கள். பொட்டலம் நனைந்தால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ராமபாணத்துக்குப் பயந்து அந்துருண்டை போட்டுவிடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

இப்போது உங்கள் தட்டுகள். ஐந்து இங்கிலாந்து அச்சு என்று நினைக்கிறேன். ஜெஃபர்சன் ஏர்பிளேன் தட்டை வைத்தே பார்க்கலாம். அதன் இங்கிலாந்துப் பதிப்பில் பாட்டு வரிசை அமெரிக்கப் பதிப்பிலிருந்து வேறு. பிங்க் ஃபிலாய்டின் லேபிளில் எஸ்எக்ஸ் 6157 என்றிருந்தால் மோனோ (ஒரே தடம்), எஸ்சிஎக்ஸ் என்றிருந்தால் ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்). 1967-ல் ஈஎம்ஐ என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் லண்டன் ஸ்டுடியோவில் அவர்கள் அதைப் பதிந்துகொண்டிருந்தபோது, அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பதிவில் இருந்தார்கள். இரண்டும் இப்போது ஒரே பைக்குள் பாம்பனில் இருக்கின்றன, பாருங்கள். மோனோவும் ஸ்டீரியோவும் தனித்தனியாகக் கலக்கப்பட்டவை. எனக்கு மோனோதான் நெருக்கம். சத்தம் ஒரே கட்டியாக வந்து நெஞ்சில் இடிக்கும்.

கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வெற்று வளையம் இருக்கிறதல்லவா, அதில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். அச்சு எண் பொறித்திருக்கும். ஈஎம்ஐ தட்டில் வலப்பக்கம் தனியாக ஓரிரு எழுத்தும் இருக்கும். கிராமபோன் லிமிடெட் என்பதன் ஆங்கில எழுத்துகளையே அவர்கள் எண்ணாக வைத்திருந்தார்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4, அப்படியே போகும். தட்டை அழுத்தி எடுக்கும் அச்சுக்கு ஸ்டாம்பர் என்று பெயர், எத்தனையாவது ஸ்டாம்பரில் அச்சானது என்று அது சொல்லும். எண் சிறியதாக இருந்தால் முதலில் அச்சான தட்டுகளில் ஒன்று.

'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' நம் நாட்டு அச்சா என்று பாருங்கள். டம்டம் என்றிருந்தால் கல்கத்தாப் பக்கத்து கிராமபோன் கம்பெனி ஆலை. அந்த உறையில் யோகானந்தர் உட்பட நம் நாட்டு யோகிகள் நாலு பேர் நிற்கிறார்கள். காந்தியும் நின்றிருந்தார், இந்தியாவில் விற்பனை பாதிக்கும் என்று ஈஎம்ஐ தலைவர் ஜோசப் லாக்வுட் எடுக்கச் சொல்லிவிட்டார்.

சிம்லா பீட் பற்றிக் கேட்டீர்கள். சிம்லா என்பது சிகரெட் பெயர். அதன் விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி அகில இந்திய அளவில் பீட் இசைப் போட்டி நடத்தியது. அதில் வாசித்த நம் நாட்டு இளைஞர் குழுக்களின் பாட்டுகளை 1970-லும் 71-லும் இரண்டு எல்பியாகப் போட்டார்கள். அந்தக் கால இந்திய சைகடெலிக் இசைக்குத் தட்டு வடிவில் மிஞ்சிய சாட்சி வெகு சிலதான். அதில் இவை இரண்டும் முக்கியமானவை. உலகம் முழுக்க இதைத் தேடுகிறார்கள், வெளிநாட்டில் மறுபதிப்பும் வந்துவிட்டது. வியாபாரி திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் பதினைந்தாயிரத்துக்கு ஏழையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஹெண்ட்ரிக்ஸ் உறையில் உள்ள சந்தனத்தைத் தொடாதீர்கள். சேகரிப்பவர்கள் அதைக் கறை என்று எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன்.

தொண்டி மைக்செட்:

அண்ணே, எங்க அப்பா காலத்திலிருந்து ஒலிபெருக்கித் தொழில். உங்க பிளேயரில் மோட்டார், ஸ்பீக்கர் எதுவும் குற்றமில்லை. முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ்தான் போயிருக்கும். அந்தக் கால கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜின் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு என்கிற படிகம். முள் ஆடும்போது படிகம் நெளிந்து மின்சாரம் கொடுக்கும். ஈரம் பட்டால் அது மழுங்கிவிடும், 55 டிகிரி சூட்டிலும் போய்விடும். கடற்கரையில் இருந்த பிளேயர் எல்லாமே இப்படித்தான் ஊமையாகின. செராமிக் கார்ட்ரிட்ஜ் மாற்றிப் போட்டால் சத்தம் வந்துவிடும்.

ஆனால் அந்த ஏழையும் அதில் போடாதீங்க. முள்ளைத் தாங்கும் அந்தக் கை ஐந்து, ஆறு கிராம் பாரத்தில் அழுத்தும். நாங்க கல்யாண வீட்டில் ஒரே தட்டை நாள் முழுக்க ஓட்டி, காடி வெளுத்துப்போன தட்டு இன்னும் மூட்டையாகக் கிடக்கு. இப்போதைய மேக்னட் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமுக்குள் ஓடும். அதற்கு, சின்ன சத்தத்தை முதலில் பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோ பிரீஆம்ப் தனியாக வேண்டும், நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் சத்தம் சின்னதாக, பாஸ் இல்லாமல் வரும். பழைய பிளேயரில் சினிமாத் தட்டு போட்டுக் கேளுங்க. அது அதற்குத்தான் பிறந்தது.

கை முனையில் உள்ள நாலு பின்னையும் மாதம் ஒருமுறை துடைங்க. உப்புக்காற்றில் பச்சை பூத்து ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும்.

மதுரை மேலமாசி:

நானும் இருபது வருஷமாகச் சேர்க்கிறேன். 1985-ல் எரிவதற்கு முன்னால் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கியவற்றை இன்னும் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம்தான் இந்தப் பழக்கம் தொற்றியது. மனதில் பட்டதைச் சொல்கிறேன். கடலோர வீட்டில் இவற்றைக் காப்பாற்றுவது வருஷம் முழுக்க ஓயாத வேலை. சிம்லா பீட்டையும் பிங்க் ஃபிலாய்டையும் உலர்ந்த ஊரில், நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் நியாயமான விலைக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நீங்கள் வைத்துக்கொள்வது தட்டுக்கே நல்லது. அப்பாவின் நினைவுக்கு ஹெண்ட்ரிக்ஸ் போதுமே.

பாம்பன் டீசல்:

மேலமாசி ஐயா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அப்பாவின் நினைவுக்காக மட்டும் இவற்றை வைத்திருக்கவில்லை. இவை அப்பாவுடையவையே இல்லை. வாங்கிக்கொள்ள யாராவது வந்து கேட்டால் ஏழையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்குள் பூசணம் தின்றுவிட்டால் அதுவும் கொடுத்த வாக்குக்குத் துரோகம்தான். வருஷம் முழுக்க வேலை என்றீர்கள், இருக்கட்டும். உப்பில் எஞ்சினைக் காப்பாற்றுகிற தொழில்தானே எனக்கு.

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னபடியே கழுவினேன். ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று முறை. மூன்றாவது முறைதான் கறுப்பு தெளிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் காடிக்குள் வெளிச்சம் ஆரக்கால் போல ஓடுகிறது, சத்தம் குறைந்த இடமும் கூடிய இடமும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிகிறது. பிஸ்டன் வளையம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய அதிசயம். பிங்க் ஃபிலாய்டு எஸ்எக்ஸ் 6157, மோனோவேதான். வளையத்தில் ஆர், ஏ என்று இரண்டு எழுத்து. கணக்குப் போட்டால் 23 வருகிறது. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' டம்டம்.

'டோர்ஸ்' மட்டும் வளைந்திருக்கிறது, தட்டு சுற்றும்போது ஓரம் ஏறி இறங்குகிறது.

இன்னொன்று கண்டுபிடித்தேன். 'டிஸ்ரேலி கியர்ஸ்' உறையின் உள்பக்கம் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். பெயரை இங்கே போட மாட்டேன்.

கீழக்கரை சபுராளி:

பெயர் எழுதிய உறைக்கு மதிப்புக் குறைவு என்பது சந்தைக் கணக்கு. உங்களுக்கு அதுதான் முகவரி. அந்த ஊரில் நூலகமோ உள்ளூர்ப் பத்திரிகையோ இருக்கும், அங்கே ஒரு கடிதம் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுத என் பேத்தி உதவுவாள். பெரிய ஆளாகிப் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

'டோர்ஸ்' தட்டை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்து, மேலே பரவலாகப் பாரம் ஏற்றி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அவசரப்பட்டுச் சூடு காட்ட வேண்டாம்.

ஹெண்ட்ரிக்ஸ் தட்டோடு ஞாயிற்றுக்கிழமை கீழக்கரைக்கு வாருங்கள். என் பிளேயர் இரண்டு கிராமுக்குள் ஓடுவது. சின்ன வயதில் நீங்கள் கேட்டது முதல் பக்கம். அதற்கு ஒரு கதை உண்டு. அந்த முதல் பக்கத்தின் மூல டேப்பை ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் ஒரு டாக்சியிலேயே விட்டுவிட்டார். ஒலிப்பதிவாளர் எடி கிரேமர், தயாரிப்பாளர் சாஸ் சாண்ட்லர் இருவரோடும் உட்கார்ந்து ஒரே இரவில் அந்தப் பக்கத்தின் பெரும்பகுதியை மறுபடி கலந்தார்கள். விட்டுப்போன டேப் திரும்பி வரவில்லை. உங்கள் தட்டில் அந்தப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த ஓர் இரவின் வேலை.

பாம்பன் டீசல்:

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். காக்கா வீட்டில் மாடியில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் பாயில் உட்கார்ந்தார்.

முள் இறங்கியது. கொஞ்சம் படபடப்பு. அப்புறம் அதே இரண்டு பேர் பேச்சு. அது ரேடியோ பேட்டி போல, பறக்கும் தட்டு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம், காக்கா சொன்னார். பிறகு அந்த ஊளை. குழாயில் ஒரே இடத்திலிருந்து கேட்டதை இத்தனை வருஷமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. இடப்பக்கம் எழும்பி, வலப்பக்கம் போய், திரும்பி வருகிறது. மறுபடி போகிறது. நடுக்கடலில் படகு நிற்கும்போது காற்று திசை மாறினால் முதலில் ஒரு காதில் தெரியும், அப்புறம் மறு காதில். அதே மாதிரி. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

மைக்செட்காரர் முள்ளைத் தூக்கிய இடம் வந்தது. தாண்டிப் போனது. அடுத்து மெதுவாக ஒரு பாட்டு தொடங்கியது, டிரம்மில் முள்துடைப்பம் வைத்துத் தடவுவது போல. இத்தனை மென்மையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் பக்கம் முடியும் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

தட்டு இப்போது பீரோவில், மீட்டர் 52 காட்டுகிறது. உறையைத் துடைத்துச் சாமி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். கடிதத்தைக் காக்காவின் பேத்தி எழுதிக் கொடுத்தாள். நேற்று பாம்பன் தபாலாபீசில் போட்டேன், உறையின் உள்பக்கத்தில் இருக்கும் கையெழுத்தையும் போட்டோ எடுத்து உள்ளே வைத்து.

இரண்டாம் பக்கத்தை இன்னும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், தானும் கேட்க வேண்டும் என்கிறாள். காக்கா, அடுத்த ஞாயிறு இரண்டு பேராக வருகிறோம். பிரம்பு நாற்காலியில் அம்மா உட்காரட்டும்.